நெட்ஃப்ளோ தரவை ஆராயும் ஸ்கிரிப்ட்களை வேகப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரவுட்டர்கள் நெட்ஃப்ளோ முறையில் அனுப்பும் ஃப்ளோ பதிவுகளை (எந்த முகவரி எந்த முகவரியுடன் எவ்வளவு தரவைப் பரிமாறியது என்ற சுருக்கக் குறிப்புகளை) என்எஃப்கேப்டி போன்ற சேகரிப்பான்கள் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பாக டிஸ்க்கில் எழுதுகின்றன. அந்தக் கோப்பை ஆராய்ந்து அறிக்கை தரும் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஒரு கோப்புக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு நாளின் 288 கோப்புகளையும் முடிக்க 28 மணி 48 நிமிடம் ஆகும். அதாவது அந்த ஸ்கிரிப்ட் ஒருபோதும் நிகழ்காலத்தை எட்டிப் பிடிக்காது. சேவை மறுப்புத் தாக்குதல் ஓய்ந்து பல மணி நேரம் கழித்து வரும் எச்சரிக்கையால் வலையமைப்பைக் காப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

இங்கே பைத்தானில் எழுதப்பட்டு, நெட்ஃப்ளோ 5-ஆம் பதிப்புப் பதிவுகளை ஆராயும் ஒரு ஸ்கிரிப்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2004-இல் ஆர்எஃப்சி 3954 வழியே வெளியான 9-ஆம் பதிப்பும், 2013-இல் ஆர்எஃப்சி 7011 ஆக வரையறுக்கப்பட்ட ஐபிஃபிக்ஸும் வார்ப்புரு முறைக்கு (பதிவின் அமைப்பை ரவுட்டரே அறிவிக்கும் முறைக்கு) மாறிவிட்டன என்றாலும், 5-ஆம் பதிப்பின் நிலையான அமைப்பில் ஒவ்வொரு பைட்டும் எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், உத்திகளை விளக்க அதுவே வசதியானது. உத்திகள் எல்லாப் பதிப்புகளுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

நொடிக்கு 10,000 ஃப்ளோ பதிவுகள் வரும் ஒரு வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 86.4 கோடி பதிவுகள். 5-ஆம் பதிப்பில் ஒரு பதிவின் நீளம் 48 பைட். ஆகவே சுருக்கப்படாத ஒரு நாள் தரவு ஏறக்குறைய 41.5 ஜிகாபைட். ஒரு பதிவைக் கையாள ஸ்கிரிப்ட் 10 மைக்ரோநொடி எடுத்துக்கொண்டால் மொத்தம் 8,640 நொடி, அதாவது 2 மணி 24 நிமிடம். ஒரு பதிவுக்கு ஒரே ஒரு மைக்ரோநொடியைக் குறைத்தாலே நாளொன்றுக்கு 14 நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும்.

பின்வரும் படிகள் அனைத்தும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. ஒரு பதிவுக்கு எவ்வளவு வேலை நடக்கிறது, அந்த வேலையில் எவ்வளவு உண்மையில் அந்தப் பதிவுக்கே உரியது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். வேகம் போதவில்லை என்றதும் கூடுதல் கோர்கள் உள்ள கணினியைக் கேட்பதும், வேலையைப் பல புராசஸ்களாகப் பிரிப்பதும் பரவலான பழக்கம். அது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; வீண் வேலையை எட்டாகப் பிரித்தாலும் அது வீண் வேலைதான்.

முதல் படி: நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்

ஸ்கிரிப்டை ஒருமுறை டைம் கட்டளையின் கீழ் ஓட்டிப் பாருங்கள். கடிகார நேரமும் பயனர் நேரமும் (செயலி ஸ்கிரிப்டுக்காக உழைத்த நேரமும்) ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தடை செயலியில் இருக்கிறது. கடிகார நேரம் மிக அதிகமாகவும் பயனர் நேரம் குறைவாகவும் இருந்தால், ஸ்கிரிப்ட் டிஸ்க்குக்காகவோ, முகவரிகளையும் பெயர்களையும் இணைக்கும் டிஎன்எஸ் சேவையின் பதிலுக்காகவோ காத்துக் கிடக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் செய்யும் திருத்தங்கள் பெரும்பாலும் குறி தவறும்.

செயலிதான் தடை என்றால், பைத்தானுடன் வரும் சிபுரோஃபைல் எந்தச் செயற்கூறு எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று காட்டும். அது ஒவ்வொரு அழைப்பின் மீதும் தன் சுமையையும் ஏற்றுவதால், சிறிய செயற்கூறுகளின் பங்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸை மறுபடி தொடங்கத் தேவையின்றி வெளியிலிருந்து மாதிரி எடுக்கும் பை-ஸ்பை இந்த வகையில் நம்பகமானது.

அளக்கும்போது லினக்ஸின் பேஜ் கேஷ் ஏமாற்றும். ஒரே கோப்பை இரண்டாம் முறை ஆராயும்போது அது நினைவகத்திலிருந்தே கிடைப்பதால், செய்த திருத்தத்தால்தான் வேகம் கூடியது என்று தோன்றும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பு கேஷைக் காலி செய்யுங்கள். இல்லையெனில் எல்லா அளவீடுகளையும் கேஷ் நிரம்பிய நிலையிலேயே எடுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது.

இரண்டாம் படி: படிக்கத் தேவையற்றதைப் படிக்காதீர்கள்

அறிக்கைக்குத் தேவையானது ஒரு மணி நேரத் தரவு என்றால், அந்தக் கோப்புகளை மட்டும் திறக்க வேண்டும். என்எஃப்கேப்டி தன் கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றைப் பொறித்து வைப்பதால் இது எளிது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ட் குழுவின் சில்க் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, மணி வாரியாகவும், சென்சார் வாரியாகவும், உள்வரும் போக்குவரத்து, வெளிச்செல்லும் போக்குவரத்து என்ற வகை வாரியாகவும் கோப்புகளைப் பிரித்து வைக்கிறது. கேள்விக்குப் பொருந்தாத கோப்புகள் அதில் திறக்கப்படுவதே இல்லை.

ஆனால் கோப்பின் நேரமும் ஃப்ளோவின் நேரமும் ஒன்றல்ல. நீண்ட நேரம் நீடிக்கும் ஒரு இணைப்பைப் பற்றிய பதிவை, ஆக்டிவ் டைம்அவுட் என்னும் கால வரம்பு முடிந்த பிறகே ரவுட்டர் அனுப்புகிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் மரபான இயல்பு மதிப்பு 30 நிமிடம். அப்படியே விடப்பட்ட ரவுட்டரில், 10.00 முதல் 10.05 வரையிலான போக்குவரத்தின் ஒரு பகுதி 10.30-க்குப் பிந்தைய கோப்பில்கூட இருக்கக்கூடும். ஆகவே கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது கால எல்லையின் முடிவில் டைம்அவுட் அளவுக்குக் கூடுதல் இடம் விட வேண்டும். ரவுட்டரிலேயே அந்த வரம்பை 60 நொடியாகக் குறைப்பது இதைவிட நல்ல தீர்வு. நீண்ட ஃப்ளோக்கள் பல பதிவுகளாக உடைவதால் பதிவுகளின் எண்ணிக்கை ஓரளவு கூடும், ஆனாலும் ஐந்து நிமிட வரைபடத்தில் பொய்யான முகடுகள் எழாது.

கோப்புக்குள் வந்த பிறகு, வடிகட்டும் வேலையைச் சி மொழியில் எழுதப்பட்ட கருவியிடம் ஒப்படையுங்கள். எல்லாப் பதிவுகளையும், என்எஃப்கேப்டி கோப்புகளைப் படிக்கும் கருவியான என்எஃப்டம்ப் வழியே உரையாகக் கொட்டச் செய்து, போர்ட் 53-க்கான பதிவுகளைப் பைத்தானில் இஃப் நிபந்தனையால் பொறுக்கும் ஸ்கிரிப்ட்கள் ஏராளம். அதே நிபந்தனையை என்எஃப்டம்பின் வடிகட்டியாக எழுதினால், பொருந்தாத பதிவுகள் உரையாக மாறுவதற்கு முன்பே கழிக்கப்பட்டுவிடும். தொகுக்கும் விருப்பத்தேர்வையும் சேர்த்துக் கொடுத்தால், கோடிக்கணக்கான பதிவுகளுக்குப் பதிலாகச் சில ஆயிரம் வரிகளே பைத்தானுக்கு வந்து சேரும். பல ஸ்கிரிப்ட்களுக்கு இந்த ஒரு படியே போதும். அத்தகையவற்றை மேற்கொண்டு தொட வேண்டியதில்லை.

சேமிக்கும்போது பயன்படுத்தும் சுருக்க முறையையும் கவனியுங்கள். பிஇசட்2 இடத்தை நன்றாக மிச்சப்படுத்தும், ஆனால் விரிக்கும்போது செயலியைத் தின்றுவிடும். அடிக்கடி படிக்கப்படும் அண்மைக் கோப்புகளுக்கு எல்இசட்4, காப்பகத்துக்கு இசட்ஸ்டாண்டர்டு என்று பிரித்துக்கொள்வது பொருத்தமானது.

மூன்றாம் படி: எண்ணை எண்ணாகவே வைத்திருங்கள்

மெதுவான ஸ்கிரிப்ட்களில் நேரம் அதிகமாகக் கரைவது பெரும்பாலும் இங்கேதான். ஐபிவி4 முகவரி என்பது 32 பிட் எண். அதை 192.168.100.200 என்று எழுத்துகளாக மாற்றி, காற்புள்ளி இட்டு வரியில் சேர்த்து, பைப் வழியே அனுப்பி, பைத்தானில் வரியை வெட்டி, பிறகு ஐபிஅட்ரஸ் நூலகத்தின் பொருளாக மாற்றினால், நான்கு பைட் எண் ஒன்று பல சுற்றுகள் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. முகவரி மனிதக் கண்ணுக்குத் தெரியப்போகும் கடைசி வரியில் மட்டும் புள்ளி வைத்த வடிவம் தேவைப்படுகிறது. அதுவரை எண் போதும்.

துணைவலை சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு முகவரி 172.16.0.0/12 என்னும் தொகுதிக்குள் வருகிறதா என்று அறிய நூலகப் பொருள் எதுவும் வேண்டாம். முதல் 12 பிட்கள் மட்டுமே முக்கியம் என்பதால், முகவரி எண்ணை வலப்பக்கம் 20 பிட் நகர்த்தினால் கிடைப்பது 2753 ஆக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 172-ஐ 16-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதே அந்த எண். இதைத் தனித்தனி முகவரிகளுக்குச் செய்யாமல், நம்பை என்னும் பைத்தான் எண் கணக்கீட்டு நூலகத்தின் அணிவரிசை முழுவதற்கும் ஒரே கட்டளையில் செய்யும்போது பைத்தானின் சுழற்சிச் செலவே மறைந்துவிடுகிறது.

மூலப் பாக்கெட்டுகளையே சேமித்து வைத்திருப்பவர்கள் நேரடியாக பைனரியைப் படிக்கலாம். 5-ஆம் பதிப்புப் பாக்கெட்டில் 24 பைட் தலைப்பகுதியும், அதைத் தொடர்ந்து அதிகபட்சம் 30 பதிவுகளும் இருக்கும். முழுப் பாக்கெட் 1,464 பைட். பதிவின் 0-ஆவது பைட்டில் அனுப்புநர் முகவரியும், 4-இல் பெறுநர் முகவரியும், 16-இல் பாக்கெட் எண்ணிக்கையும், 20-இல் பைட் எண்ணிக்கையும், 32, 34-இல் போர்ட்களும், 38-இல் புரோட்டோகால் எண்ணும் தொடங்குகின்றன. இந்த அமைப்பை நம்பையில் ஒரு கட்டமைப்பு வகையாக ஒருமுறை வரையறுத்துவிட்டு, ஃப்ரம்பஃபர் செயற்கூறின் வழியே பைட்களை அப்படியே அட்டவணையாகப் பார்க்கலாம். எந்தப் பதிவும் தனியாகப் பிரிக்கப்படுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று உண்டு. 30 பதிவுகளுக்கு ஒருமுறை நம்பையை அழைத்தால் அழைப்புச் செலவே லாபத்தை விழுங்கிவிடும். ஆகவே தலைப்பகுதிகளை நீக்கி, ஒரு கோப்பின் பதிவுகள் அனைத்தையும் ஒரே பைட் வரிசையில் சேர்த்த பிறகே அட்டவணையாக்குங்கள். அப்படி நீக்கும்போது, தலைப்பகுதியிலுள்ள ரவுட்டரின் இயக்க நேரத்தையும் கடிகார நேரத்தையும் எடுத்து வைக்க வேண்டும். பதிவின் தொடக்க நேரமும் முடிவு நேரமும் ரவுட்டர் இயங்கத் தொடங்கியதிலிருந்து மில்லிநொடிகளில் தரப்படுவதால், அவை இல்லாமல் உண்மையான நேரத்தைக் கணக்கிட முடியாது. அந்த மில்லிநொடி எண்ணி 32 பிட் என்பதால் 49.7 நாளுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புவதையும் கணக்கில் கொள்ளுங்கள். மூன்றாவதாக, வலையமைப்பில் எண்கள் பெரிய முனை முதலில் வரும் வரிசையில் வருகின்றன. நம் சர்வர்களின் செயலிகள் பெரும்பாலும் சிறிய முனை முதலில் வருவதை எதிர்பார்க்கின்றன. தேவையான நெடுவரிசைகளை மட்டும் ஒருமுறை இயல்பு வரிசைக்கு மாற்றிக்கொண்டால், அதன் பின் வரும் ஒவ்வொரு கணக்கீடும் விரைவாகும்.

32 பிட் எண்ணின் எல்லை 4,294,967,295 என்பதையும் மறக்கக் கூடாது. பாக்கெட்டுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என மாதிரி எடுக்கும் ரவுட்டரின் பைட் எண்ணிக்கையை, நெடுவரிசையை 64 பிட்டுக்கு மாற்றாமல் 1,000-ஆல் பெருக்கினால், 4.29 மெகாபைட்டைத் தாண்டிய ஒவ்வொரு ஃப்ளோவும் எந்தப் பிழைச் செய்தியும் இன்றித் தவறான எண்ணாகிவிடும். உண்மையில் இந்தப் பெருக்கலைப் பதிவு வாரியாகச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ரவுட்டர் வாரியாகக் கூட்டிய பிறகு, மொத்தத்தை ஒருமுறை பெருக்கினால் விடை அதுவேதான்.

நான்காம் படி: முதலில் தொகுங்கள், பிறகு தேடுங்கள்

ஃப்ளோ அறிக்கைகளில் முகவரி எந்தத் தன்னாட்சி அமைப்பை (தனி நிர்வாகத்தில் இயங்கும் வலையமைப்பை) சேர்ந்தது, எந்த நாட்டைச் சேர்ந்தது, எந்த வாடிக்கையாளருக்கு உரியது என்ற தகவல்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பதிவையும் படித்த உடனே இந்தத் தேடல்களைச் செய்வது இயல்பாகத் தோன்றும் வரிசை. அதுவே செலவு மிகுந்த வரிசையும்கூட. ஒரு ஐந்து நிமிடக் கோப்பில் 30 லட்சம் பதிவுகள் இருந்தாலும், அவற்றில் வரும் தனித்த முகவரிகள் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். முகவரி வாரியாக பைட்களையும் பாக்கெட்டுகளையும் முதலில் கூட்டிவிட்டு, தனித்த முகவரிகளுக்கு மட்டும் தேடினால், தேடலின் செலவு பதிவுகளின் எண்ணிக்கையிலிருந்து விடுபடுகிறது.

தேடலையும் செம்மையாக்கலாம். இணையத்தின் ஐபிவி4 வழித்தட அட்டவணையில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னொட்டுகள் (முகவரித் தொகுதிகள்) உள்ளன. அவற்றில் மிக நீளமாகப் பொருந்துவதைக் கண்டறிய பைட்ரிசியா போன்ற மர நூலகங்கள் உண்டு. முகவரிகள் ஏற்கெனவே அணிவரிசையாக இருக்கும்போது எனக்குப் பிடித்த வழி வேறு: ஒன்றின் மேல் ஒன்று படிந்த முன்னொட்டுகளை, ஒன்றோடொன்று மோதாத எண் வரம்புகளாக நாளுக்கு ஒருமுறை விரித்து, வரிசைப்படுத்தி வைத்துவிட்டு, நம்பையின் சர்ச்சார்ட்டட் வழியே எல்லா முகவரிகளையும் ஒரே அழைப்பில் தேடுவது. பத்து லட்சம் வரம்புகள் இருந்தாலும் ஒரு முகவரிக்கு ஏறக்குறைய 20 ஒப்பீடுகளே தேவைப்படும்.

முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் டிஎன்எஸ் தலைகீழ்த் தேடலுக்குத் தொகுப்புச் சுழற்சிக்குள் இடமே கிடையாது. அறிக்கையில் அச்சாகப்போகும் முதல் ஐம்பது முகவரிகளுக்கு மட்டும், கடைசியில், கால வரம்புடன் செய்யுங்கள்.

தொகுக்கும் சாவியின் வடிவமும் முக்கியமானது. இரு முகவரிகள், இரு போர்ட்கள், புரோட்டோகால் ஆகிய ஐந்தும் பைனரியில் 13 பைட். அதையே பைத்தான் டியூப்பிளாக்கி டிக்‌ஷனரியில் வைத்தால், டியூப்பிளுக்கு மட்டுமே 80 பைட் அளவிலும், உள்ளிருக்கும் பெரிய எண் ஒவ்வொன்றுக்கும் 28 முதல் 32 பைட் வரையிலும் நினைவகம் செலவாகும். டிக்‌ஷனரியின் சொந்தச் செலவு தனி. அனுப்புநர், பெறுநர் இணை மட்டும் போதும் என்றால், ஒரு முகவரியை இடப்பக்கம் 32 பிட் நகர்த்தி மற்றதுடன் சேர்த்து ஒரே 64 பிட் எண்ணாக்கி, அந்த அணிவரிசையை வரிசைப்படுத்திக் கூட்டுங்கள்.

இவற்றையெல்லாம் நாமே எழுதத் தேவையில்லாத வழியும் இருக்கிறது. பதிவுகளை பார்க்கே கோப்புகளாக மாற்றி, டக்டிபி அல்லது போலார்ஸ் கொண்டு எஸ்க்யூஎல் போன்ற கேள்விகளால் தொகுக்கலாம். நெடுவரிசை வாரியாகச் சேமிக்கப்படுவதால், கேள்வியில் வராத நெடுவரிசைகள் டிஸ்க்கிலிருந்து படிக்கப்படுவதே இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

ஐந்தாம் படி: பல கோர்களுக்குப் பிரித்தல்

மேற்கண்டவை முடிந்த பிறகும் நேரம் போதவில்லை என்றால் இப்போது பிரிக்கலாம். வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பொதுப் பூட்டு (ஜிஐஎல்) காரணமாக, தூய பைத்தான் கணக்கீடுகளுக்கு த்ரெட்களால் பயனில்லை. மல்டிபுராசஸிங்கைப் பயன்படுத்த வேண்டும். ஒரு புராசஸுக்கு ஒரு ஐந்து நிமிடக் கோப்பு என்பதே இயல்பான பிரிவு. மூலப் பதிவுகளைத் தாய்ப் புராசஸ் படித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பக் கூடாது. கோப்பின் பெயரை மட்டும் அனுப்பி, சுருங்கிய தொகுப்பை மட்டும் திரும்பப் பெறுங்கள். இல்லையெனில் தரவைப் பொதிந்து அனுப்பும் செலவிலேயே லாபம் கரைந்துவிடும்.

தொகுப்புகளை இணைக்கும்போது இரண்டு தவறான விடைகள் எளிதில் நுழைகின்றன. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் முதல் 100 முகவரிகளை மட்டும் எடுத்து இணைத்தால், நாள் முழுவதும் எல்லாக் கோப்புகளிலும் 101-ஆம் இடத்திலிருந்த முகவரி, நாள் கணக்கில் முன்னணியில் இருந்தாலும் அறிக்கையிலிருந்தே காணாமல் போகும். முழுத் தொகுப்பையும் இணைத்த பிறகே முதல் 100-ஐ வெட்ட வேண்டும். அது பெரிதென்றால் ஒவ்வொரு கோப்பிலிருந்தும் தேவையானதைப் போலப் பன்மடங்கு எடுத்து, முடிவு தோராயமானது என்று அறிக்கையிலேயே குறிப்பிடுங்கள்.

இரண்டாவது, தனித்த முகவரிகளின் எண்ணிக்கை. பைட்களைக் கூட்டலாம்; தனித்த எண்ணிக்கைகளைக் கூட்ட முடியாது, ஏனெனில் ஒரே முகவரி பல கோப்புகளில் வரும். தாக்குதலின்போது லட்சக்கணக்கான போலி முகவரிகள் வருவதால், கணங்களாக வைத்திருப்பதும் நினைவகத்தை நிரப்பிவிடும். ஃபிளாஜோலேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஹைப்பர்லாக்லாக் இதற்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது: 16,384 பதிவேடுகளுடன் ஏறக்குறைய 12 கிலோபைட்டில், 0.81 சதவீதத் திட்டப் பிழையுடன் எண்ணிக்கையைத் தருகிறது. இரண்டு தொகுப்புகளை இணைக்க, ஒவ்வொரு பதிவேட்டிலும் பெரியதை எடுத்தால் போதும். போர்ட் ஸ்கேன் போன்றவற்றைக் கண்டறிய இந்தத் துல்லியம் தாராளம். கட்டணப் பட்டியலுக்கு மட்டும் இத்தகைய தோராயங்களைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆறாம் படி: சேகரிப்பையும் ஆய்வையும் பிரித்து வையுங்கள்

யுடிபி சாக்கெட்டில் பதிவுகளைப் பெறும் அதே சுழற்சியில் ஆய்வையும் செய்யும் ஸ்கிரிப்ட்கள், மெதுவாக இருப்பதோடு நிற்காமல் தரவையும் இழக்கின்றன. லினக்ஸில் சாக்கெட் பெறும் இடையகத்தின் இயல்பு அளவு பொதுவாக 212,992 பைட். முழுப் பாக்கெட்டுகளாகக் கணக்கிட்டால் அது 145 பாக்கெட்டுகளுக்கு மேல் தாங்காது. கெர்னலின் மேல்செலவையும் சேர்த்தால் இன்னும் குறைவு. நொடிக்கு 10,000 பதிவுகள் என்றால் நொடிக்கு 333 பாக்கெட்டுகள். ஸ்கிரிப்ட் அரை நொடி எங்காவது நின்றாலே பாக்கெட்டுகள் சத்தமின்றிக் கைவிடப்படும். பெறும் புராசஸ் பெற்றதை டிஸ்க்கில் எழுதுவதைத் தவிர வேறெதையும் செய்யக் கூடாது. இடையகத்தையும் சில மெகாபைட்டுகளாக உயர்த்துங்கள். தலைப்பகுதியிலுள்ள ஃப்ளோ வரிசை எண்ணைத் தொடர்ந்து சரிபார்த்தால், எத்தனை பதிவுகள் வழியில் தொலைந்தன என்பது தெரிந்துவிடும். இந்த எண்ணிக்கையை அறிக்கையின் மேற்பகுதியிலேயே அச்சிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் சரிபார்ப்பு

வேகமான தவறான விடை மெதுவான சரியான விடையைவிட ஆபத்தானது, ஏனெனில் அதை நம்பித்தான் வாடிக்கையாளரின் முகவரி தடுக்கப்படுகிறது. பழைய ஸ்கிரிப்டின் விடையை ஒரு குறிப்பிட்ட கோப்புக்குச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மொத்த பைட், மொத்த பாக்கெட், மொத்த ஃப்ளோ ஆகிய மூன்றும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு தொகுப்புகளைச் சாவி வாரியாக வரிசைப்படுத்தி முழுமையாக ஒப்பிடுங்கள். சோதனைக் கோப்புகளில் ஒன்று சாதாரண நாளினுடையதாகவும், இன்னொன்று தாக்குதல் நேரத்தினுடையதாகவும் இருக்கட்டும். முகவரிகளின் பரவல் மாறும்போது டிக்‌ஷனரிகளும் வரிசைப்படுத்தலும் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும்.

கிரான் என்னும் நேர அட்டவணைக் கருவி வழியே ஓடும் ஸ்கிரிப்டுக்கு, இரண்டு சுற்றுகள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் எஃப்லாக் பூட்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். முந்தைய சுற்று முடியாத நிலையில் அடுத்தது தொடங்கினால், இரண்டும் ஒரே டிஸ்க்குக்காகப் போட்டியிட்டு இரண்டுமே தாமதமாகும்.

ஐபிவி6 வரும்போது

மேலே சொன்ன 64 பிட் சாவி உத்தி 128 பிட் முகவரிகளுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு முகவரியை மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு 64 பிட் நெடுவரிசைகளாக வையுங்கள். பெரும்பாலான அறிக்கைகளுக்கு மேல் பாதியே போதும்: வீட்டு வலையமைப்பொன்றுக்குப் பொதுவாகக் குறைந்தது ஒரு /64 தொகுதி ஒதுக்கப்படுவதாலும், தனியுரிமைக்காகச் சாதனங்கள் கீழ் பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்வதாலும், முழு முகவரி வாரியாகத் தொகுத்தால் ஒரே கைபேசி பல பயனர்களைப் போலத் தோன்றும். 5-ஆம் பதிப்புக்கு ஐபிவி6 தெரியாது என்பதால் இந்தப் பதிவுகள் 9-ஆம் பதிப்பிலோ ஐபிஃபிக்ஸிலோதான் வரும். அவற்றில் வார்ப்புரு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பை கட்டமைப்பு வகையை உருவாக்கி, ரவுட்டர் முகவரி, மூல அடையாள எண், வார்ப்புரு எண் ஆகிய மூன்றையும் சாவியாகக் கொண்டு சேமித்து வைத்துக்கொண்டால், நீளம் மாறும் புலங்கள் இல்லாத வார்ப்புருக்களுக்கு மூன்றாம் படியின் முறை மாற்றமின்றிச் செல்லும்.